அடிக்கடி சிறுநீர், காரணம் தெரியாத மெலிவு: இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது?

மலேசியாவின் பினாங்கில், பிறையில் இருக்கும் என் மாமா, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறார். ஒரு வருடம் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டு 48 நாள் விரதம் இருந்தார். பாதி விரதத்திலேயே பெல்ட்டில் புது ஓட்டை தேவைப்பட்டது. ஆணியைச் சுட வைத்து அவரே போட்டுக்கொண்டார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்த அன்று வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலையும் விடவில்லை. மோர், சிராப், மறுபடியும் சிராப். பார்த்தவர்கள் எல்லாம், "விரதம் நல்லா இருந்திருக்கீங்க, ஆளே சிக்குன்னு ஆயிட்டீங்க" என்றார்கள். மாமாவுக்கும் பெருமைதான்.

ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். காலை நெரிசலில் அதைக் கடக்கும்வரை அவரால் சிறுநீரை அடக்க முடியவில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் காலி பாட்டில் ஒன்று வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

விரதம் முடிந்தது. அசைவம் திரும்பியது, முழுச் சாப்பாடு திரும்பியது, எடை மட்டும் திரும்பவில்லை. பெல்ட்டில் இரண்டாவது ஓட்டை விழுந்தது. ஒரு கிளினிக்கில் சிறுநீர்த் தொற்று என்று இரண்டு தடவை மாத்திரை கொடுத்தார்கள். அந்த டாக்டரை முழுதாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாமா சிறுநீரைப் பற்றிச் சொன்னார், எடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் இரண்டாவது தடவையாவது விரலில் ஒரு குத்துக் குத்திச் சர்க்கரை பார்த்திருக்கலாம். மூன்றாவது தடவை அத்தை கூடவே போனார். "இவருக்கு ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கு டாக்டர்" என்று அத்தைதான் சொன்னார். உடனே குத்திப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரை 23.4 மில்லிமோல், தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறக்குறைய 420.

நான் டாக்டர் இல்லை. பட்டர்வொர்த்தில் ஒரு மருந்தகத்தில் கவுண்டருக்குப் பின்னால் பல வருடம் நின்றவன். அங்கே இதே கதையை வேறு வேறு ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிறுநீருக்கு ஒரு சமாதானம் வைத்திருப்பார்கள்: வயசாச்சு, ஏர்கோன் குளிர், தே ஓ (பாலில்லாத தேநீர்) அதிகம். மெலிவுக்கு வேறொரு சமாதானம் இருக்கும்: வேலை, கவலை, விரதம். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நியாயமாகத்தான் படும். ஒரே ஆளுக்கு, ஒரே சில மாதங்களில் இரண்டும் வந்தால் அந்தச் சமாதானங்களை ஓரமாக வைத்துவிட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். எப்படிப் போவது, எதைக் கேட்பது, சர்க்கரை இல்லை என்று வந்தால் அடுத்து எங்கே பார்ப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எப்போது படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும்

அதிகத் தாகம், அதிகச் சிறுநீர், மெலிவு ஆகியவற்றோடு வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக வாங்கும் மூச்சு, பழம் அழுகியது போன்ற மூச்சு வாசனை, மயக்கம் அல்லது பேச்சில் தடுமாற்றம் இருந்தால் அது அவசரம். உடம்பில் இன்சுலின் தீர்ந்துபோய், கொழுப்பு தாறுமாறாக எரிந்து, ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கலாம். வயதானவர்களுக்கு வாந்தியோ மூச்சுவாங்கலோ இல்லாமலும் வரும். சில நாளாக ஓயாமல் சிறுநீர் கழித்து, நாக்கு வறண்டு, அரைத் தூக்கத்தில் கிடப்பார்கள். "களைப்பு, தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். விடக்கூடாது. 999 அழையுங்கள், அல்லது பினாங்கு மருத்துவமனை, செபராங் ஜெயா மருத்துவமனை என்று எது பக்கமோ அதன் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட பிள்ளை மறுபடி நனைக்கிறது, பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் போதவில்லை, முகம் ஒட்டிப்போகிறது என்றால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு நாள் குறிப்பது, வாரக் கடைசிக்குத் தள்ளிப்போடுவது எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் சில நாளிலேயே ஆபத்தான நிலைக்குப் போகும்.

படி 1: வீட்டிலேயே அளந்து பாருங்கள்

"நிறையப் போகுது" என்று டாக்டரிடம் சொன்னால் அவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. எத்தனை தடவை, எவ்வளவு என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வேண்டும். இந்தப் படியை ஆட்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்குக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் டாக்டருக்கு அதிகம் உதவும்.

பழைய அளவுக் குவளை ஒன்றை எடுத்துக் கழிவறையில் வையுங்கள். விடுமுறை நாளில், காலை எழுந்து முதல் தடவை போவதைக் கணக்கில் சேர்க்காமல், அதற்குப் பிறகு மறுநாள் காலை முதல் தடவை வரைக்கும் ஒவ்வொரு முறையும் மில்லிலிட்டரையும் நேரத்தையும் எழுதுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஒரே நாள் வேலை. முடிந்தால் இரண்டு நாள்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை போவது சாதாரணம். மூன்று லிட்டரைத் தாண்டினால் உடம்பு அதிகமாகச் சிறுநீர் உண்டாக்குகிறது என்று பொருள். அப்போது சர்க்கரை, கால்சியம், சிறுநீரகம், ஹார்மோன், மருந்து என்ற பக்கம் பார்க்க வேண்டும். மொத்த அளவு சாதாரணமாக இருந்து, ஒவ்வொரு தடவையும் 50, 100 மில்லிலிட்டராகப் பத்துப் பதினைந்து தடவை போகிறது என்றால், சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே எதுவோ அதை உசுப்புகிறது. தொற்று, கல், புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி), கட்டி என்று அந்த வழி வேறு. மாமாவை அன்றைக்கு அளக்கச் சொல்லியிருந்தால் பாட்டிலே பதில் சொல்லியிருக்கும். ஒரு தடவைக்கு அரை லிட்டர் போகிறவருக்குச் சிறுநீர்த் தொற்று மாத்திரை எதற்கு?

இரவில் எத்தனை தடவை எழுகிறார் என்பதைத் தனியாகக் குறியுங்கள். எரிச்சல் உண்டா, நிறம் எப்படி, ரத்தம் தெரிந்ததா, கழித்த பிறகும் மீதி இருப்பது போலத் தோன்றுகிறதா என்பதையும் எழுதுங்கள். எறும்பு மொய்க்கிறதா என்று நம் பாட்டிமார்கள் பார்ப்பார்கள். அது மூடநம்பிக்கை இல்லை. சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் எறும்பு வரும். ஆனால் எறும்பு வரவில்லை என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அடுத்தது எடை. ஒரே தராசில், காலையில், சாப்பிடும் முன் பாருங்கள். பழைய எடை தெரியாவிட்டால் கிளினிக் புத்தகத்தைத் தேடுங்கள், தொழிற்சாலை மருத்துவப் பரிசோதனைத் தாளைத் தேடுங்கள், ஒன்றும் கிடைக்கவில்லையா, கல்யாணப் படத்தையும் பெல்ட்டையும் பாருங்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், முயற்சி எதுவும் செய்யாமல் 5 விழுக்காடு குறைந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும். 70 கிலோ ஆளுக்கு அது மூன்றரைக் கிலோ. பசி எப்படி என்பதும் முக்கியம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது சர்க்கரை, தைராய்டு பக்கம் கைகாட்டும். சாப்பாடே வேண்டாம் என்று மெலிவது காசநோய், புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, மன அழுத்தம் ஆகியவற்றை நினைக்க வைக்கும். இது கறாரான விதி இல்லை, ஒரு துப்பு.

விரதம் இருந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விரதத்தில் இளைப்பது இயல்பு. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியும் எடை ஏறவில்லை என்றால் காரணம் விரதம் இல்லை.

படி 2: சர்க்கரையை முதலில் பாருங்கள், அதே வாரத்தில்

நம் ஊரில் சர்க்கரை நோய்க்கு இனிப்பு நீர் என்று பெயர். மலாய்க்காரர்கள் கென்சிங் மானிஸ் என்பார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், நோய் நடக்கும் விதத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது. ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ள முடியாமல் சிறுநீரில் விட்டுவிடும். சர்க்கரை தனியாக வெளியே போகாது, தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு போகும். அதனால் அதிகச் சிறுநீர், அதனால் தாகம். இன்னொரு பக்கம், சாப்பிட்டது உடம்புக்குள் சேராமல் கழிவறைக்குப் போகிறது. ஒரு நாளைக்கு 100 கிராம் சர்க்கரை சிறுநீரில் போனால் 400 கலோரி நட்டம், ஏறக்குறைய ஒரு சின்னப் பொட்டலம் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு). அது போதாதென்று, இன்சுலின் குறைந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துச் சாப்பிட ஆரம்பிக்கும். தொடையும் தோளும் வற்றுவது அதனால்தான்.

2019 ஆம் ஆண்டு மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியர்களிடையே 31 விழுக்காட்டைத் தாண்டியது. ஆகவே நம் வீட்டில் ஒருவருக்கு இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழுவது நியாயமே.

பரிசோதனை எளிது. அறிகுறி இருப்பவர் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நேரத்திலும் ரத்தம் எடுக்கலாம். நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில், எந்த நேரமானாலும் 11.1 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால், அறிகுறி உள்ளவருக்கு அந்த ஒரு முடிவே போதும். எட்டு மணி நேரம் சாப்பிடாமல் எடுத்தால் 7.0 தான் கோடு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு மலேசிய மருத்துவ வழிகாட்டி வைத்திருக்கும் கோடு 6.3 விழுக்காடு. இந்தியாவிலோ அமெரிக்காவிலோ எழுதியதைப் படித்தால் 6.5 என்று இருக்கும். 6.4 வந்தவர் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டு உறவினர் 200, 300 என்று எண்ணிக்கை சொன்னால் பயப்படாதீர்கள். அது மில்லிகிராம் கணக்கு. நம் எண்ணை 18 ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வந்துவிடும்.

விரல் குத்தும் கருவியில் பார்ப்பது நோயை உறுதி செய்யாது, ஆனால் எச்சரிக்கை மணியாக நன்றாக உதவும். அதில் 11க்கு மேல் காட்டினால் அன்றோ மறுநாளோ கிளினிக்குக்குப் போங்கள். எண்ணே காட்டாமல் 'ஹை' என்று காட்டினால் கருவியின் எல்லையையே தாண்டிவிட்டது, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். குத்தும் முன் கையைக் கழுவுங்கள். ரம்புத்தான் உரித்த கையோடு குத்திவிட்டு 15 என்று அலறியவரை நான் பார்த்திருக்கிறேன்.

ரத்தசோகை அல்லது பரம்பரை ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி தவறாகக் காட்டலாம். தலசீமியா இருப்பது தெரிந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரையோடு சேர்ந்து வரும் வேறு சில அறிகுறிகளை ஆட்கள் சொல்லவே மாட்டார்கள்: அந்தரங்க இடத்தில் அரிப்பு, வெள்ளைப் படிவு, ஆண்களுக்கு முன்தோல் வெடிப்பு, மங்கலான பார்வை. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லையும் வீங்கி மாறும். அந்த நேரத்தில் புதுக் கண்ணாடி போட்டுக் காசை வீணாக்காதீர்கள். சர்க்கரை அடங்கி சில வாரம் போன பிறகு கண்ணைச் சோதித்துக்கொள்ளலாம்.

படி 3: சர்க்கரை என்று வந்தால், "ஏன் இப்போது?" என்று கேளுங்கள்

இனிப்பு நீர் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, நம்ம குடும்பத்துல இருக்கறதுதானே" என்று முடித்துவிடுவார்கள். மெலிவும் சேர்ந்து இருந்தால் அங்கே நிறுத்தக் கூடாது. வழக்கமான இரண்டாம் வகைச் சர்க்கரை பெரும்பாலும் தொப்பையோடு, சத்தம் போடாமல் வரும். வேகமாக மெலிய வைத்தால் சர்க்கரை மிக அதிகமாக ஏறியிருக்கலாம் (மாமாவுக்கு அப்படித்தான்), அல்லது பின்னால் வேறு எதுவோ இருக்கலாம்.

ஒல்லியான இளைஞருக்கோ நடுவயதுக்காரருக்கோ வந்தால், மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போனால், முதல் வகைச் சர்க்கரையா என்று கேளுங்கள். அது சிறுபிள்ளைகளுக்கு மட்டும் வருவது இல்லை. 40 வயதிலும் மெதுவாக வரும். அவர்களுக்கு இன்சுலின் தேவைப்படும். இன்சுலின் ஊசி போட்டால் கிட்னி போய்விடும் என்று ஒரு பயம் நம்மிடையே இருக்கிறது. கிட்னியைக் கெடுப்பது வருடக்கணக்கில் அடங்காமல் கிடக்கும் சர்க்கரைதான்.

மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொடி, பெயர் தெரியாத மாத்திரை, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஜாமு என்னும் மூலிகை மருந்து சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். வலியை மாயமாகப் போக்கும் சில பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். பதிவு செய்த மருந்துக்கு மேலுறையில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாததைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஆனால் பல மாதம் சாப்பிட்டதைத் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து.

வருடக்கணக்காகச் சம்சுவோ வேறு மதுவோ குடித்தவருக்குக் கணையம் பழுதாகிச் சர்க்கரை வரலாம். கூடவே எண்ணெய் மிதக்கும், தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாத மலம், மேல் வயிற்றில் வலி, மெலிவு இருக்கும். இதை வீட்டுக்காரர்கள் கிளினிக்கில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். சொல்லுங்கள். சிகிச்சையே மாறும்.

50 வயதுக்கு மேல் முதல்முறையாகச் சர்க்கரை வந்து, மருந்தில் சர்க்கரை அடங்கிய பிறகும் எடை குறைந்துகொண்டே போனால், கணையப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். மிகச் சிலருக்குத்தான் அப்படி இருக்கும். மஞ்சள் கண், உடம்பு அரிப்பு, வெளுத்த மலம், முதுகுக்குப் பாயும் வயிற்றுவலி இருந்தால் ஸ்கேன் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள்.

காசநோய் மலேசியாவில் இன்னும் போகவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் தலையணை நனையும் வியர்வை இருந்தால் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கேளுங்கள்.

ஏற்கெனவே சர்க்கரை மருந்து சாப்பிடுபவரா? டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன. சிறுநீர் கூடுவதும் இரண்டு மூன்று கிலோ குறைவதும் அவற்றின் இயல்பு. ஆனால் அந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால், விரல் குத்தியதில் சர்க்கரை சரியாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

படி 4: சர்க்கரை இல்லை என்று வந்தால்

ஜெலுத்தோங்கில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு ஆறு கிலோ குறைந்தது, இரவில் மூன்று தடவை எழுந்தார். சர்க்கரை சாதாரணம். "இனிப்பு நீர் இல்லையாம், அப்போ ஒண்ணும் இல்ல" என்று குடும்பமே கொண்டாடியது. நாலு மாதம் கழித்துச் சந்தையில் காய் வாங்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, ஐந்தடி நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது. கை நடுக்கம், எல்லோரும் சாதாரணமாக இருக்கும்போது அவருக்கு மட்டும் வியர்வை, ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை மலம், காரணமில்லாத எரிச்சல் என எல்லாம் இருந்தன. மாதவிடாய் நிற்கும் வயசு என்று சொல்லிவிட்டோம். சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும் அன்றே தைராய்டுக்கான டிஎஸ்எச் பரிசோதனையையும் கேட்டிருந்தால் நாலு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அளவுக் குவளைக் கணக்கில் மூன்று லிட்டரைத் தாண்டியவர்கள், தைராய்டோடு கால்சியம், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் தாகம், சிறுநீர், மலச்சிக்கல், எலும்பு வலி, பசியின்மை, மெலிவு எல்லாம் ஒன்றாக வரும். கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி காரணமாகலாம், புற்றுநோயும் காரணமாகலாம். நேரடி விற்பனையில் அக்காமார் விற்கும் கால்சியம், வைட்டமின் டி டப்பாக்களை அளவு தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்குவதும் காரணமாகலாம். சிறுநீரகம் பழுதாக ஆரம்பித்தால் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் போய்விடும், இரவில் எழ வைக்கும். பச்சைத் தண்ணீர் போல நிறமே இல்லாமல் லிட்டர் லிட்டராகப் போய், தண்ணீருக்காகத் தூக்கத்திலிருந்து எழுகிறவர்களுக்கு அரிதாக ஒரு ஹார்மோன் குறை இருக்கலாம். அவர்களைத் தண்ணீர் குடிக்காதே என்று தடுப்பது ஆபத்தில் முடியும். மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுபவர்களுக்கும் இப்படி ஆகும்.

குறைவாக, அடிக்கடி போகிறவர்களுக்கு வழி வேறு. பெண்களுக்குத் தொற்று சகஜம், எரிச்சலும் நாற்றமும் இருக்கும். ஆனால் தொற்று மட்டும் ஆளை மாதக்கணக்கில் மெலிய வைக்காது. சிறுநீரில் சீழ் இருக்கிறது, வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை, மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சிறுநீரகக் காசநோயா என்று கேளுங்கள். நல்ல டாக்டரே சில சமயம் இதை மறந்துவிடுவார். ஆண்களுக்கு 50 வயதுக்கு மேல் சிறுநீர் ஓட்டம் மெலிந்து, சொட்டுச் சொட்டாக முடிந்தால் புரோஸ்டேட் வீக்கமாக இருக்கும். அது ஆளை இளைக்க வைக்காது. கூடவே மெலிவும் முதுகு, இடுப்பு எலும்பு வலியும் இருந்தால் வீக்கம் என்று விட்டுவிடக் கூடாது. வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும், மறுநாள் நின்றுவிட்டாலும், பார்த்தே ஆக வேண்டும், சிறுநீர்ப்பையில் கட்டி இருக்கலாம். புகை பிடிப்பவர்களும், சாயம் அல்லது ரப்பர் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெண்களுக்கு வயிறு உப்பிக்கொண்டே போய், நாலு வாயிலேயே வயிறு நிறைந்து, அடிக்கடி சிறுநீரும் வந்தால் கருப்பைக் கட்டியிலிருந்து சினைப்பைப் புற்றுநோய் வரை இருக்கலாம். ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்தால் நிறையத் தெரிந்துவிடும்.

பிறகு மருந்துப் பை. ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் நீர் மாத்திரையின் வேலையே சிறுநீரைக் கூட்டுவது. மதியத்துக்குப் பிறகு சாப்பிட்டால் இரவு முழுக்க எழ வைக்கும். கோப்பி, தே தாரே கணக்கையும் எழுதுங்கள். அவை அடிக்கடி போக வைக்கும், ஒன்பது கிலோவைக் கரைக்காது.

படி 5: எங்கே போவது, என்ன சொல்வது

அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தான் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). தீவில் ஜாலான் பேராக், பாயான் பாரு, இந்தப் பக்கம் பட்டர்வொர்த் என்று பல இடத்தில் இருக்கிறது. காத்திருப்பு நீளம். ஆனால் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதம் எல்லாம் ஒரே வழியில் கிடைக்கும். மைசெஜாத்ரா செயலியில் நாள் பதியலாம். அறிகுறி உள்ளவர் அந்த நாளுக்காக வாரக்கணக்கில் காத்திராமல் காலையிலேயே நேரில் போய் முகப்பில் அறிகுறியைச் சொல்வது மேல். அரசு உதவித்தொகை பெறும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் அவர்கள் துணைவருக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு, அதில் சர்க்கரையும் சேரும். தனியார் கிளினிக் என்றால் ரத்தம் எடுக்கும் முன்பே மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாத 'முழு உடம்புப் பேக்கேஜ்' ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

உள்ளே போனதும் முதல் வாக்கியத்திலேயே இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது, ஒரு நாளைக்கு நாலு லிட்டர் சிறுநீர் போகிறது." இந்த வரிசையில் எடையை முதலில் வையுங்கள், கடைசியில் சொன்னால் காதில் விழாது. மலாயில் சொல்ல வேண்டி வந்தால் பெரிய இலக்கணம் தேவையில்லை. 'பெராட் பாடான் துருன்' என்றால் எடை குறைந்தது, 'கெராப் கென்சிங்' அடிக்கடி சிறுநீர், 'செலாலு ஹாவுஸ்' எப்போதும் தாகம், 'கென்சிங் பெர்டாரா' சிறுநீரில் ரத்தம். வயதானவர் தனியாகப் போகக் கூடாது. என் மாமா மாதிரி ஆட்கள் டாக்டர் முன்னால் "ஒண்ணும் இல்ல, லேசா களைப்பு" என்றுதான் சொல்வார்கள். கூடவே ஒரு அத்தை வேண்டும்.

அளவுத் தாள், பழைய எடை, சாப்பிடும் எல்லா மருந்தும் பொடியும் கொண்டுபோங்கள். முடிவுகளின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த டாக்டர் அங்கிருந்து தொடரலாம்.

முடிவு வரும்வரை

தாகத்தை அடக்காதீர்கள். சிறுநீர் குறையட்டும் என்று தண்ணீரைக் குறைப்பதுதான் வீட்டில் செய்யும் பெரிய தப்பு. குடிப்பது வெறும் தண்ணீராக இருக்கட்டும். தாகத்துக்குச் சிராப், ஐசோடானிக் பானம், கரும்புச்சாறு குடித்தால் சர்க்கரை இன்னும் ஏறும், தாகமும் கூடும். தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) பரவாயில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். கவுண்டரில் நின்ற காலத்தில் இதைத்தான் நான் அதிகம் கேட்டேன். சில மாத்திரைகள் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்கி ஆளைச் சாய்த்துவிடும், கிட்னி பழுதான ஆளுக்கு ஒத்துக்கொள்ளாதவையும் உண்டு. பாகற்காய், வெந்தயம் சாப்பிட விரும்பினால் சாப்பாடாகச் சாப்பிடுங்கள், பரிசோதனைக்குப் பதிலாக வேண்டாம்.

எல்லா முடிவும் சாதாரணம் என்று வந்தால்? அதுவும் நடக்கும். நாலு வாரம் கழித்து வரும் ஒரு தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அன்று அதே தராசில், அதே நேரத்தில் எடை பாருங்கள். நின்றிருந்தால் அடுத்த மாதம் மறுபடி பாருங்கள். இன்னும் இறங்கியிருந்தால் அதே கிளினிக்குக்குப் போய், பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒரே தாளில் எழுதி மேசையில் வைத்து, "அடுத்து எதைப் பார்க்கப் போகிறோம்?" என்று கேளுங்கள்.